உட்குல லாட்டிஸ் சரியாக வரவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. கணிதம் படிக்கிற பிள்ளைகள் புராஜெக்ட் நேரத்தில் என்னிடம் கேட்கும் சந்தேகங்களில் பெரும்பாலானவை ஒரே வேலையைப் பற்றியவை. ஒரு முடிவுறு குலத்தை (குரூப்) எடுத்து, அதன் உட்குலங்களையெல்லாம் (சப்குரூப்) கணினியில் கண்டுபிடித்து, எது எதற்குள் அடங்குகிறது என்று காட்டும் படத்தை, அதாவது லாட்டிஸை, வரைய வேண்டும். மென்பொருள் பெரும்பாலும் கேப். ஜெர்மனியின் ஆஹன் நகரில் யோவாகிம் நொய்பூசர் 1986-இல் தொடங்கி வைத்தது; இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். சேஜ் என்ற கணித மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் குலக் கணக்கு வந்தால் உள்ளே ஓடுவது கேப்தான். ஆகவே கீழே சொல்வது அவர்களுக்கும் பொருந்தும்.

கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கேப்பில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் அடியுங்கள். நான் சிறு கோடு போட்டிருக்கும் இடத்தில் கோடு வேண்டாம்; அதற்கடுத்த சொல் பெரிய எழுத்தில் தொடங்கும். லாட்டிஸ்-சப்குரூப்ஸ் என்றால் ஒரே சொல், நடுவில் எஸ் மட்டும் பெரிய எழுத்து. முதல் எழுத்தும் பெரியதுதான்.

எந்தப் பிழையைத் துரத்தும் முன்பும் எஸ்-4 குலத்தை (நான்கு பொருள்களின் எல்லா வரிசை மாற்றங்களும் சேர்ந்தது) ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். சிமெட்ரிக்-குரூப்(4) என்று உருவாக்கி, அதற்கு லாட்டிஸ்-சப்குரூப்ஸ் கொடுத்தால் 11 வகுப்புகள், 30 உட்குலங்கள் என்று பதில் வர வேண்டும். அது வந்தால் மென்பொருள் நன்றாக இருக்கிறது. கோளாறு உங்கள் குலத்திலோ கேள்வியிலோ இருக்கிறது.

அறிகுறி: கட்டளை அடித்தேன், பதிலே இல்லை

வரியின் தொடக்கத்தில் 'கேப்' என்று வராமல் வெறும் > குறி மட்டும் நின்றால் கட்டளை இன்னும் முடியவில்லை. அரைப்புள்ளியோ அடைப்புக்குறியோ விட்டுப்போயிருக்கும். அரைப்புள்ளியை இரண்டு தடவை போட்டிருந்தால் கணக்கு முடிந்திருக்கும், பதிலை மட்டும் காட்டாது. தொடக்கத்தில் 'பிஆர்கே' என்று வந்தால் முந்தின பிழைக்குள்ளேயே நிற்கிறீர்கள் என்று அர்த்தம்; 'குவிட்' அடித்து அரைப்புள்ளி போட்டு வெளியே வாருங்கள்.

பெயருக்கு மதிப்பு இல்லை என்று திட்டினால் பெரிய எழுத்து, சிறிய எழுத்தைப் பாருங்கள். வேர்டில் ஒட்டிவைத்த கட்டளையை அப்படியே எடுத்துப் போட்டு சிண்டாக்ஸ் எர்ரர் வந்தால், மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறியிருக்கும். அவற்றை அழித்துக் கையால் அடித்தால் சரியாகிவிடும்.

அறிகுறி: முப்பது வர வேண்டிய இடத்தில் பதினொன்று வருகிறது

அதிகம் வரும் கேள்வி இதுதான். குளச்சலிலிருந்து வந்த ஒரு பெண் எஸ்-4 உட்குலங்கள் முப்பதையும் நோட்டில் கையால் எழுதி, பக்கத்திலேயே கேப் கொடுத்த 11-ஐயும் சிவப்பு மையில் குறித்துக் கொண்டுவந்தாள். "அக்கா, புக்கு தப்பா, கேப் தப்பா?" என்றாள். "ரெண்டும் சரிதான் மக்களே, நீ கேட்ட கேள்விதான் வேற" என்றேன்.

கான்ஜுகசி-கிளாசஸ்-சப்குரூப்ஸ் என்பது உட்குலங்களைத் தனித்தனியாகத் தராது. ஒன்றுக்கொன்று கான்ஜுகேட்டாக இருப்பவற்றை, அதாவது குலத்தின் ஏதோ ஒரு உறுப்பால் ஒன்றை மற்றதாக மாற்ற முடிகிறவற்றை, ஒரே வகுப்பாகக் கட்டித் தரும். லெங்த் போட்டால் வகுப்புகளின் எண்ணிக்கைதான் கிடைக்கும். எஸ்-4-இல் அந்த 11 வகுப்புகளையும் விரித்துப் பார்த்தால் புரிந்துவிடும். அற்ப உட்குலம் 1. ஒற்றை இடமாற்றத்தால் வரும் சி-2 (சி என்பது ஒரே உறுப்பால் உருவாகும் சுழல் குலம்; பக்கத்து எண் அதன் வரிசை, அதாவது உறுப்புகளின் எண்ணிக்கை) வகை 6, இரட்டை இடமாற்றத்தால் வரும் சி-2 வகை 3. சி-3 நான்கு. நார்மலான (தன்னைத் தவிர வேறு கான்ஜுகேட் இல்லாத) வி-4, அதாவது சி-2 பெருக்கல் சி-2, ஒன்று, நார்மல் அல்லாத வி-4 மூன்று, சி-4 மூன்று. எஸ்-3 நான்கு. வரிசை 8 உடைய டைஹெட்ரல் மூன்று. இரட்டை வரிசை மாற்றங்களின் குலமான ஏ-4 ஒன்று, முழுக்குலம் ஒன்று. கூட்டினால் 30.

கேப்பில் இந்தக் கூட்டலைச் செய்ய, வகுப்புகளின் பட்டியலுக்கு லிஸ்ட் போட்டு ஒவ்வொன்றின் சைஸ் எடுத்து, அதற்கு சம் போடுங்கள். ஆல்-சப்குரூப்ஸ் என்று ஒரு கட்டளையும் உண்டு. அது எல்லாவற்றையும் நேரே பட்டியலிடும். சிறிய குலத்துக்கு மட்டும் அதைத் தொடுங்கள். எஸ்-8-க்கு 296 வகுப்புகள்தான், ஆனால் 1,51,221 உட்குலங்கள். எஸ்-10-க்கு 1,593 வகுப்புகள், 2,95,94,446 உட்குலங்கள். சேஜில் சப்குரூப்ஸ் என்பதும் முழுப் பட்டியல் கேட்பதுதான், அங்கேயும் இதே எச்சரிக்கை. புராஜெக்ட் அறிக்கையில் எண் எழுதும்போது அது வகுப்பின் எண்ணிக்கையா உட்குலத்தின் எண்ணிக்கையா என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். வைவாவில் முதலில் கேட்பார்கள்.

அறிகுறி: சதுரத்தின் சமச்சீர்க் குலத்துக்கு 5 உட்குலம்தான் வருகிறது

10 வர வேண்டும். கேப்பில் டைஹெட்ரல்-குரூப் என்பதற்குள் கொடுக்கும் எண் குலத்தின் வரிசை, பக்கங்களின் எண்ணிக்கை அல்ல. 4 கொடுத்தால் வரிசை 4 உடைய குலம், அதாவது சி-2 பெருக்கல் சி-2 வரும். அதற்கு 5 உட்குலங்கள்தான். சதுரத்துக்கு 8 கொடுக்க வேண்டும். சேஜில் நேர்மாறு: அங்கே 4 கொடுத்தால்தான் சதுரம். இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவர்கள், குலத்தை உருவாக்கியதும் சைஸ் ஒரு தடவை கேட்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். விடையைச் சரிபார்க்க ஒரு சூத்திரமும் இருக்கிறது. மூன்று அல்லது அதற்கு மேல் என் பக்கமுள்ள ஒழுங்கு பலகோணத்தின் குலத்துக்கு, என்-இன் வகுஎண்கள் எத்தனை என்பதையும் அந்த வகுஎண்களின் கூட்டுத்தொகையையும் கூட்டினால் உட்குலங்களின் எண்ணிக்கை. சதுரத்துக்கு 3 கூட்டல் 7. அறுகோணத்துக்கு 4 கூட்டல் 12, ஆக 16.

இதே இடத்தில் வரிசை மாற்றங்களுக்குப் பதில் எஃப்1, எஃப்2 என்று உறுப்புகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். கேப் அந்தக் குலத்தை வேறு வடிவில் உள்ளே வைத்திருக்கிறது. முதல் இடத்தில் இஸ்-பெர்ம்-குரூப் என்று சேர்த்து, அடுத்து 8 கொடுத்தால் வரிசை மாற்றமாகவே தரும். ஆனால் ஒரு எச்சரிக்கை: ஸ்மால்-குரூப்(24, 12), அதாவது கேப்பின் சிறு குலப் பட்டியலில் வரிசை 24-இல் 12-ஆவது, என்பதும் எஸ்-4 தான், சிமெட்ரிக்-குரூப்(4)-உம் எஸ்-4 தான். ஒன்றின் உட்குலம் மற்றதற்குள் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். ஐசோமார்ஃபிக் (ஒரே அமைப்பு) என்பது வேறு, உள்ளே இருப்பது வேறு. ஒரு வேலை முழுவதற்கும் ஒரே வடிவத்தில் நில்லுங்கள்.

ஜெனரேட்டர்களை (குலத்தை உருவாக்கும் உறுப்புகளை) கையால் கொடுக்கும்போது காற்புள்ளியில் கண் வையுங்கள். குரூப் என்பதற்குள் (1,2)(3,4) என்று ஒட்டி எழுதினால் அது ஒரே உறுப்பு, குலத்தின் வரிசை 2. நடுவில் காற்புள்ளி வைத்தால் இரண்டு உறுப்புகள், வரிசை 4. பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் ஆபத்து. (1,2,3,4)(1,3) என்று பொது எண் உள்ள சுழல்களை ஒட்டி எழுதினால் மட்டும் கேப் மறுத்துவிடும்.

அறிகுறி: ஓடிக்கொண்டே இருக்கிறது, முடியவே இல்லை

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் பலரும் தவறான இடத்தில் காரணம் தேடுகிறார்கள். "குலம் சின்னதுதானே, வரிசை 256தான்" என்பார்கள். வரிசையை வைத்துக் கஷ்டத்தை அளக்கவே முடியாது. வரிசை 256 உடைய சுழல் குலத்துக்கு 9 உட்குலங்கள், கண் இமைப்பதற்குள் வந்துவிடும். சி-2-ஐ எட்டுத் தடவை பெருக்கினாலும் வரிசை 256தான், ஆனால் உட்குலங்கள் 4,17,199. அது ஆபீலியன் (எந்தப் பக்கம் பெருக்கினாலும் விடை ஒன்றே) என்பதால் ஒவ்வொரு உட்குலமும் தனி வகுப்பு. வகுப்புகளாகக் கட்டுவதால் ஒரு லாபமும் இல்லை. பத்துத் தடவை பெருக்கினால் வரிசை 1024, உட்குலங்கள் 22,97,55,605. வரிசை 36 லட்சத்தைத் தாண்டும் எஸ்-10-க்கு வகுப்புகள் 1,593 என்று மேலே பார்த்தோமே, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆகவே முதல் சோதனை: உங்கள் குலத்துக்குள் சி-2 பல தடவை பெருக்கிய பெரிய துண்டு இருக்கிறதா? சைலோ-சப்குரூப் கேட்டு, 2-க்கான சைலோ உட்குலத்தின் (வரிசை 2-இன் அடுக்காக உள்ளவற்றில் மிகப் பெரியது) வரிசையையும் அதன் அமைப்பையும் பாருங்கள். அங்கேதான் நேரம் கரைகிறது. சி-2-ஐ மட்டுமே பெருக்கி வந்த குலம் என்றால் கணினியே வேண்டாம். முதல் இரண்டு எண்கள் 1, 2. அடுத்த எண் வேண்டுமென்றால், கடைசி எண்ணை இரண்டால் பெருக்குங்கள்; அதற்கு முந்தின எண்ணை, 2-இன் அடுக்கிலிருந்து ஒன்று கழித்ததால் பெருக்கிக் கூட்டுங்கள். அந்த அடுக்கு, இப்போது கையில் இருக்கும் குலத்தில் எத்தனை சி-2 இருக்கிறதோ அத்தனை. 5, 16, 67, 374, 2825 என்று போகும்.

இரண்டாவது சோதனை உங்களையே கேட்க வேண்டியது: முழு லாட்டிஸ் உண்மையிலேயே வேண்டுமா? நான் பார்த்த புராஜெக்ட்டுகளில் பலவற்றுக்கு வேண்டியதில்லை. நார்மல் உட்குலங்கள்தான் தேவை என்றால் நார்மல்-சப்குரூப்ஸ் என்று நேரே கேளுங்கள். எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டு நார்மலானவற்றைப் பொறுக்குவது வீண் வேலை. மேலேயுள்ள பெரிய உட்குலங்கள் போதும் என்றால் மாக்சிமல்-சப்குரூப்-கிளாஸ்-ரெப்ஸ். எஸ்-4-க்கு அது மூன்று குலங்கள் தரும்: ஏ-4, வரிசை 8 உடைய டைஹெட்ரல், எஸ்-3. அதற்கும் கீழே இரண்டு மூன்று படி இறங்க வேண்டுமென்றால் லோ-லேயர்-சப்குரூப்ஸ், எத்தனை படி என்பதை எண்ணாகக் கொடுக்கலாம். ஒரு குறிப்பிட்ட உட்குலத்துக்கும் முழுக்குலத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி என்றால் இன்டர்மீடியட்-சப்குரூப்ஸ். கால்வா கோட்பாட்டில் புராஜெக்ட் செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டளைதான் தேவைப்படுகிறது. அவர்கள் முழு லாட்டிஸை ஓட்டிவிட்டு ராத்திரி முழுக்கக் காத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்த கன்ட்ரோல்-சி. 'பிஆர்கே' வரும், 'ரிட்டர்ன்' அடித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும், 'குவிட்' அடித்தால் கைவிடும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால், தொடங்கும் முன் செட்-இன்ஃபோ-லெவல் என்பதில் இன்ஃபோ-லாட்டிஸ், 1 என்று கொடுங்கள். எவ்வளவு தூரம் வந்தது என்று இடையிடையே சொல்லும்.

நினைவகம் தீர்ந்தது என்று சொன்னால், கேப்பைத் தொடங்கும்போதே கழித்தல் குறியும் ஓ என்ற எழுத்தும் போட்டு, 3ஜி என்பது போல அளவு கொடுக்கலாம். 4 ஜிபி கணினியில் 8ஜி என்று கொடுக்காதீர்கள். கேப் கேட்டுக்கொண்டே போகும், கணினி வன்தட்டைத் தேய்க்க ஆரம்பிக்கும், கடைசியில் மவுஸ்கூட நகராது. நினைவகம் போதாது என்ற செய்தி வந்தால் முதலில் மேலே சொன்ன இரண்டாவது சோதனைக்குத் திரும்புங்கள். ராம் வாங்குவது அதற்கப்புறம்தான்.

எல்லை எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: டெரக் ஹோல்ட் 2010-இல் எஸ்-18 வரை உட்குலங்களைக் கணக்கிட்டார். அதில் மட்டும் 72,74,651 வகுப்புகள். அதற்கு அவர் அந்தக் குலங்களுக்கென்றே தனியாக முறை வகுக்க வேண்டியிருந்தது. ஒற்றைக் கட்டளையில் வந்துவிடவில்லை.

அறிகுறி: 40,96,000-க்கு மேல் கோசெட் என்று பிழை

குலத்தைத் தொடர்புகளால், அதாவது ஜெனரேட்டர்கள் எந்தச் சமன்பாடுகளுக்கு உட்படும் என்று சொல்லி, கொடுத்திருக்கிறீர்கள். ஃப்ரீ-குரூப் எடுத்து, தொடர்புகளால் வகுத்து உருவாக்கியிருப்பீர்கள். கேப் எண்ணிப் பார்க்கும் கோசெட்டுகளுக்கு (உட்குலத்தின் நகர்த்திய பிரதிகளுக்கு) அந்த எண்தான் இயல்பான வரம்பு. குலம் முடிவிலியாக இருக்கலாம், அல்லது முடிவுற்றதாக இருந்தும் கடினமாக இருக்கலாம். பெரும்பாலும் ஒரு தொடர்பு விட்டுப்போயிருக்கும். ஏ இருபடி, பி முப்படி, ஏபி நான்காம் அடுக்கு மூன்றும் சமனி உறுப்புக்குச் சமம் என்றால் எஸ்-4 கிடைக்கும். மூன்றாவதை மறந்தால் முடிவிலிக் குலம்.

ஆபீலியன்-இன்வேரியன்ட்ஸ் கேட்டு அதில் 0 வந்தால் குலம் முடிவிலி என்பது உறுதி. 0 வரவில்லை என்பதால் முடிவுற்றது என்று நினைத்துவிடாதீர்கள்; மேலே மூன்றாவது தொடர்பை மறந்த குலத்துக்கு 2, 3 என்றுதான் வரும். சைஸ் ஒழுங்காக வந்துவிட்டால், ஐசோமார்ஃபிசம்-பெர்ம்-குரூப் மூலம் வரிசை மாற்றக் குலமாக மாற்றி, அதன் இமேஜில் லாட்டிஸ் கேளுங்கள். வேகம் தெரியும்.

அறிகுறி: கரண்ட் போனது, எல்லாம் போனது

ஐப்பசி மழையில் இடி இடித்தால் நம் ஊரில் கரண்ட் நிற்கும் என்று நம்ப முடியாது. ஆனி, ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் அதே கதைதான். லேப்டாப் பேட்டரி பழசு என்றால் இன்னும் மோசம். சேவ்-வொர்க்ஸ்பேஸ் கொடுத்தால் அதுவரை கண்டுபிடித்தது எல்லாம் ஒரு கோப்பில் சேரும். அடுத்த தடவை பெரிய எல் கொடுத்து அந்தக் கோப்பிலிருந்து தொடங்கலாம். ஆனால் ஒரு கட்டளை ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் சேமிக்க முடியாது. அதனால் பெரிய வேலையைத் துண்டாக்குங்கள். முதலில் மாக்சிமல் உட்குலங்களைக் கண்டுபிடித்துச் சேமியுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வகுப்புகளைக் கேட்டு, ஒவ்வொன்று முடிந்ததும் சேமியுங்கள். கடைசியில் முழுக்குலத்துக்குள் கான்ஜுகேட்டாக இருப்பவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். லாக்-டூ போட்டு வைத்தால் திரையில் வந்த பதில்களாவது கோப்பில் இருக்கும்.

அறிகுறி: நானே எழுதிய பைதான் நிரலில் எண்ணிக்கை ஒத்துவரவில்லை

இந்தப் பிழைதான் எனக்கு மிகவும் பிடித்தது. எத்தனை குறைகிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

அதிகமாக வந்தால், ஒரே உட்குலத்தைப் பல தடவை எண்ணுகிறீர்கள். உறுப்புகளைப் பட்டியலாக வைத்திருந்தால் வரிசை மாறியதும் வேறு குலமாகத் தெரியும். ஃப்ரோசன்-செட்டாக வைத்து, அவற்றை ஒரு செட்டில் போடுங்கள்.

ஏ-5-க்கு 59-க்குப் பதில் 58, எஸ்-5-க்கு 156-க்குப் பதில் 154 வருகிறதா? அப்படியென்றால் நீங்கள் சுழல் நீட்டிப்பு முறையை எழுதியிருக்கிறீர்கள், ஆனால் பாதியோடு நிறுத்திவிட்டீர்கள். அற்ப உட்குலத்திலிருந்து தொடங்க வேண்டும். கையிலுள்ள உட்குலத்தை நார்மலைஸ் செய்யும் (கான்ஜுகேட் எடுத்தாலும் அந்த உட்குலத்தை மாற்றாத) ஒரு உறுப்பை எடுக்க வேண்டும். அதன் ஏதாவது ஒரு பகா எண் அடுக்கு அந்த உட்குலத்துக்குள்ளேயே விழ வேண்டும். அந்த உறுப்பைச் சேர்த்துப் பெரிதாக்க வேண்டும். இதுதான் முறை. நொய்பூசர் 1960-இல் வெளியிட்ட கட்டுரையில் மின்னணுக் கணினிக்காக இதைத்தான் விவரித்தார். ஒவ்வொரு படியும் பகா எண் மடங்கு ஏறுவதால், இப்படிக் கிடைப்பவை எல்லாம் தீர்வுடைக் குலங்களாகவே இருக்கும். ஏ-5-க்குள் பகா எண் குறியீடுள்ள (குலத்தின் வரிசையை உட்குலத்தின் வரிசையால் வகுத்தால் பகா எண் வரும்) நார்மல் உட்குலம் கிடையாது, ஆகவே எந்தப் படிக்கட்டில் ஏறினாலும் அதை எட்ட முடியாது. எஸ்-5-இல் விட்டுப்போன இரண்டும் ஏ-5-உம் எஸ்-5-உம்தான். தனக்குத்தானே கம்யூட்டேட்டர் உட்குலமாக இருக்கும் பெர்ஃபெக்ட் உட்குலங்களையும் தொடக்கப் புள்ளிகளாகச் சேர்த்து, அவற்றிலிருந்தும் அதே நீட்டிப்பைச் செய்தால் இரண்டும் வந்துவிடும். கேப்பில் பெர்ஃபெக்ட் குலங்களுக்கென்று தனி நூலகமே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது வகை ரொம்பவும் தந்திரமானது. எஸ்-4-க்கு 30, எஸ்-5-க்கு 156, இரண்டும் கச்சிதமாக வரும். நம்பி எஸ்-6 போட்டால் 1,455-க்குக் கீழே நிற்கும். இரண்டிரண்டு உறுப்புகளாக எடுத்து, அவை உருவாக்கும் உட்குலங்களைச் சேகரித்திருப்பீர்கள். எஸ்-4, எஸ்-5 இரண்டிலும் எல்லா உட்குலங்களும் இரண்டு உறுப்புகளாலேயே உருவாகிவிடும், அதனால் பிழை தெரியாது. எஸ்-6-இல்தான் (1,2), (3,4), (5,6) மூன்றும் சேர்ந்து உருவாக்கும் குலம் முதன்முதலாக மூன்று ஜெனரேட்டர் கேட்கும். எஸ்-6-இன் 2-சைலோ உட்குலத்துக்கும் (வரிசை 16) மூன்று வேண்டும். இந்தப் பிழையைச் சீக்கிரம் பிடிக்க எஸ்-6 வரை போக வேண்டியதில்லை: சி-2 மூன்று தடவை பெருக்கிய குலத்தைக் கொடுங்கள். 16 வர வேண்டிய இடத்தில் 15 வரும், விட்டுப்போனது முழுக்குலமே.

கேப் பக்கத்தில் இல்லாதபோது சரிபார்க்க ஃப்ரோபேனியஸின் தேற்றம் கை கொடுக்கும். ஒரு பகா எண்ணின் அடுக்கு குலத்தின் வரிசையை வகுத்தால், அந்த அடுக்கை வரிசையாகக் கொண்ட உட்குலங்களின் எண்ணிக்கையை அந்தப் பகா எண்ணால் வகுக்க மீதி 1 வரும். எஸ்-4-இல் வரிசை 2-க்கு 9, வரிசை 4-க்கு 7, வரிசை 8-க்கு 3, மூன்றும் ஒற்றை எண். வரிசை 3-க்கு 4, மூன்றால் வகுக்க மீதி 1. உங்கள் நிரலின் கடைசியில் இந்தச் சோதனையைக் கட்டாயமாகச் சேர்த்துவிடுங்கள். எல்லாப் பிழையையும் பிடிக்காது, ஆனால் ஏதாவது ஒரு 2-இன் அடுக்கை வரிசையாகக் கொண்ட உட்குலங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வந்தால் அந்த நிமிடமே நிறுத்திவிடலாம்.

அறிகுறி: படத்தில் கோடுகள் பின்னிக் கிடக்கின்றன

டாட்-ஃபைல்-லாட்டிஸ்-சப்குரூப்ஸ் கட்டளைக்கு லாட்டிஸையும் கோப்பின் பெயரையும் கொடுத்தால், கிராஃப்விஸ் என்ற படம் வரையும் மென்பொருள் படிக்கக்கூடிய கோப்பு வரும். அதில் ஒவ்வொரு உட்குலத்துக்கும் 5-2 என்பது போலப் பெயர் இருக்கும்: ஐந்தாம் வகுப்பில் இரண்டாவது. நார்மல் உட்குலம் பெட்டிக்குள் இருக்கும். வரிசை சமமான வகுப்புகள் எந்த ஒழுங்கில் வரும் என்பதை நம்பி எழுதாதீர்கள். "7-ஆம் வகுப்பு" என்று அறிக்கையில் எழுதுவதைவிட அதன் ஜெனரேட்டரை எழுதுவது பத்திரம்.

கோப்பு காணவில்லை என்றால், விண்டோஸில் பாதையை எழுதும்போது பின்சாய்வுக் கோடு போட்டிருப்பீர்கள். மேற்கோளுக்குள் அதற்கு வேறு வேலை இருக்கிறது. முன்சாய்வுக் கோடு போடுங்கள்.

படத்தை நீங்களே வரைந்து, கோடுகள் அளவுக்கு மீறி இருந்தால், அடங்கும் ஒவ்வொரு ஜோடிக்கும் கோடு போட்டுவிட்டீர்கள். நடுவில் வேறு உட்குலம் இல்லாத ஜோடிக்கு மட்டும்தான் கோடு. சோதிக்க குவாட்டர்னியன் குலம் க்யூ-8 நல்லது: 6 உட்குலங்கள், 7 கோடுகள். 12 வந்தால் எல்லா அடக்கத்தையும் வரைந்திருக்கிறீர்கள். சதுரத்தின் குலத்துக்கு 10 உட்குலங்கள், 15 கோடுகள். கிராஃப்விஸோடு வரும் ட்ரெட் என்ற சிறு கருவி அதிகப்படிக் கோடுகளை நீக்கித் தரும். கேப்பிலேயே செய்ய மாக்சிமல்-சப்குரூப்ஸ்-லாட்டிஸ் இருக்கிறது. ஐம்பது உட்குலத்துக்கு மேல் போனால் தனித்தனியாக வரைவதை விட்டுவிடுங்கள். வகுப்புக்கு ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் அதன் அளவை எழுதினால் ஏ-4 தாளில் கண்ணுக்குத் தெரியும்படி அடங்கும்.

அறிகுறி: இரண்டு குலத்துக்கும் ஒரே லாட்டிஸ் வருகிறது

பிழையே இல்லாமலும் இருக்கலாம். எஸ்-3-க்கும், சி-3 பெருக்கல் சி-3-க்கும் ஆறு ஆறு உட்குலங்கள். இரண்டிலும் கீழே ஒன்று, நடுவில் நான்கு, மேலே ஒன்று. வரிசை 6 ஒன்று, 9 ஒன்று. லாட்டிஸ் மட்டும் குலத்தை அடையாளம் காட்டாது.

வரிசையும் ஒன்றாக இருந்து லாட்டிஸும் ஒன்றாக இருக்க வேண்டுமென்றால் வரிசை 16-க்குப் போங்கள். ஸ்மால்-குரூப்(16, 5) என்பது சி-8 பெருக்கல் சி-2. ஸ்மால்-குரூப்(16, 6) ஆபீலியன் அல்ல. இரண்டுக்கும் 11 உட்குலங்கள், லாட்டிஸின் வடிவமும் ஒன்றே. ஆனால் லாட்டிஸ்-சப்குரூப்ஸ் திரையில் காட்டும் முதல் எண்ணைப் பாருங்கள்: முதல் குலத்துக்கு 11 வகுப்புகள், இரண்டாவதற்கு 10. இரண்டாவதில் மையத்துக்கு வெளியே இருக்கும் வரிசை 2 உட்குலங்கள் இரண்டும் கான்ஜுகேட்டாகி ஒரே வகுப்பில் சேர்ந்துவிட்டன.

புள்ளிகளுக்குப் பெயரிடும்போதும் இதே கவனம் வேண்டும். ஸ்ட்ரக்சர்-டிஸ்கிரிப்ஷன் படிக்க அழகாக இருக்கும், ஆனால் ஸ்மால்-குரூப்(20, 1), ஸ்மால்-குரூப்(20, 3) இரண்டுக்குமே அது சி-5, சி-4 என்று ஒரே பெயரைத்தான் காட்டும். அவை வெவ்வேறு குலங்கள். பக்கத்தில் ஐடி-குரூப் தரும் இரண்டு எண்களையும் சேர்த்து எழுதுங்கள்.